நீர் புகும் வழி



குளியலறையிலே சுவரும் தரையும் சந்திக்கும் மூலையைப் பற்றி இன்று சில நிமிடங்கள் பேச வந்திருக்கிறேன். இதற்கும் ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா என்று நீங்கள் புன்னகை செய்யலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருப்பேன். ஆனால், நெல் மணியின் அகலம்கூட இல்லாத ஓர் இடைவெளியினால் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த சகோதரிகள் இருவர் ஏழு மாத காலம் ஒருவரோடொருவர் பேசாதிருந்ததை நான் கண்ணாரக் கண்டேன். அந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு அடைபட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நிகழ்ந்த இடம் குறிஞ்சாக்கேணி. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அப்பால், கிண்ணியாப் பகுதியைச் சேர்ந்த ஊர் அது. குறிஞ்சா என்பது நம் வீடுகளில் சுண்டல் செய்து உண்ணும் கைப்பான இலைக்கொடி. கேணி என்பது நீரைத் தேக்கி வைக்கும் குளம். ஊரின் பெயரிலேயே நீர் நிற்கிறது. சுற்றிலும் களப்பும் கடலும் இருக்கின்றன. சற்றுத் தொலைவில் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிறது. 2009 இல் கிண்ணியாப் பெரிய பாலம் திறக்கப்படும் வரையில், திருகோணமலைக்குச் செல்வதற்கே நீரைக் கடக்கும் ‘பாதை’க்காகக் காத்து நின்றவர்கள் அப்பகுதி மக்கள். 2021 நவம்பர் 23 ஆம் நாள் காலையில் குறிஞ்சாக்கேணிக் களப்பிலே அத்தகைய மிதவை ஒன்று கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. நீரை எளிதாக எண்ணலாகாது என்பதை அவ்வூராருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கிலங்கையிலே, முஸ்லிம்களாயினும் தமிழர்களாயினும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைப்பது நெடுங்கால வழக்கம். நான் சொல்லும் குடும்பத்திலே பெண்கள் இருவர். காணி ஒன்றே இருந்தது. ஆகவே கீழ் வீடு மூத்தவளுக்கு, அதன்மேல் கொங்கிறீற் தளமிட்டு எழுப்பிய மாடி வீடு இளையவளுக்கு என்று தாயார் தீர்மானித்தார். தம் நகைகளை விற்றே மாடியைக் கட்டி முடித்தார். பின் வளவில் இருந்த சிறு அறைக்குத் தாம் குடிபெயர்ந்தார். மாடியில் அழகான குளியலறை அமைந்தது. வெண்ணிற டைல்களும், சுவரோடு பொருத்திய பேசினும், கொமட்டும், ஷவரும் கண்டு ஊரார் மெச்சினர்.

இரண்டாவது மாரியில், கீழ் வீட்டில் மூத்தவளின் குழந்தை உறங்கும் அறையின் மேற்புறத்தில் ஓர் ஈரத்திட்டுத் தோன்றியது. மழை ஓய்ந்த பின்னும் அது காயவில்லை. சாயம் உப்பி உரிந்தது. ஒருநாள் பிற்பகல் உள்ளங்கை அளவான பூச்சுத் துண்டொன்று பெயர்ந்து தொட்டிலுக்கு ஒரு முழம் அப்பால் விழுந்தது. நல்ல வேளையாகக் குழந்தை அப்போது தாயின் மடியில் இருந்தது.

அன்றுதான் வாக்குவாதம் மூண்டது. “நீ வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றுகிறாய்” என்றாள் மூத்தவள். “உங்கள் கூரையிலே குற்றம் இருந்தால் நான் என்ன செய்வேன், ராத்தா?” என்றாள் இளையவள். சொல்லுக்குச் சொல் வளர்ந்து, வீடு பங்கிட்ட கதை வரை போயிற்று. தாயார் நடுவே நின்று கண்ணீர் விட்டார். எந்த மகள் வீட்டில் உணவருந்தினாலும் மற்றவள் மனம் நோகும் என்று அஞ்சி, அன்று முதல் தம் அறையிலேயே தனியே உலை வைக்கலானார்.

இளையவளின் கணவர் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். கடையில் சிலிக்கோன் குழாய் ஒன்று வாங்கி வந்து, தரை மூலை முழுவதிலும் பூசினார். இரண்டு வாரம் ஈரம் குறைந்தது, பின்னர் மீண்டது. முன்னதன் மேலேயே இரண்டாம் முறை பூசினார். மூன்றாம் முறை இன்னும் தடிப்பாகப் பூசினார். வெண்மையாக இருந்த மூலை கரும்பூஞ்சணம் படர்ந்து மேடு பள்ளமாயிற்றே ஒழிய, நீர் நிற்கவில்லை.

அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற உரிமையில் நான் அங்கே போவது வழக்கம். ஒருநாள் என்னோடு ஒரு முதியவரும் வந்தார். இளமையில் மர வள்ளங்களைத் திருத்தும் தொழில் செய்தவர். கண்ணாடி இழைப் படகுகள் வந்து மர வள்ளங்கள் அருகிய பின்னர் அவருடைய உளிக்கு வேலை இல்லாமற் போயிற்று. அவர் மாடிக்கு ஏறி, மூலையில் குந்தி, விரல் நகத்தால் சிலிக்கோனின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். மூன்று படையும் ஒரு நாடாவைப் போலக் கழன்று வந்தன. அடியிலே கறுத்த நீர் நின்றது. “மகன், புண்ணுக்கு மேல பிளாஸ்டர் ஒட்டினா புண் ஆறுமா? முதல்ல கழுவணும்” என்றார்.

நேயர்களே, இந்தச் சொல்லின் பின்னால் ஒரு பழந்தொழில் இருக்கிறது. மரக்கலத்தின் பலகைகளுக்கு இடையே உள்ள பொருத்துகளை நீர் புகாதவாறு அடைக்கும் வேலையைத் தமிழில் கலப்பத்து என்பர். கலப்பத்துக்காரன் பழைய அடைப்பை முழுவதும் தோண்டி எடுப்பான். பலகையை வெயிலில் காயவிடுவான். பஞ்சையோ நாரையோ திரித்துப் பொருத்தினுள் செலுத்துவான். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயுடன் காய்ச்சிப் பூசுவான். மேனாட்டுக் கப்பல்களில் பழங்கயிற்றுச் சிம்பும் கீலும் இதே பணியைச் செய்தன. நம் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய ‘திருகோணமலை’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் 1817 ஒக்ரோபர் 12 ஆம் நாள் பம்பாயிலே நீரில் இறக்கப்பட்டது. வாடியாக் குடும்பத்தினர் தேக்கு மரத்தால் கட்டிய அந்தக் கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் காட்சிக்கு நிற்கிறது. தேக்கு எத்தனை உறுதியாக இருந்தாலும், மரக்கப்பலின் உயிர் அதன் பொருத்துகளில்தான் இருக்கிறது. பலகை நடுவே பிளப்பது அரிது. நீர் தேடி வருவது இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தையே.

குளியலறையும் அப்படியே. சுவர் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம். வெயிலில் சூடேறி விரிவதும், இரவில் குளிர்ந்து சுருங்குவதும், பாரத்தினால் தளம் சற்றே வளைவதும் கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் நிகழ்கின்றன. டைல்களுக்கு இடையே நாம் இடும் சீமெந்துச் சாந்து வன்மையானது. ஒரே தளத்தில் உள்ள டைல்களுக்கு அது பொருந்தும். இரு தளங்கள் சந்திக்கும் மூலையிலோ, அசைவுக்கு இணங்க மாட்டாமல் மயிரிழையாக வெடித்துவிடும். ஆகையால் மூலையிலும், பேசின், கொமட் போன்ற பொருள்களின் விளிம்பிலும் நெகிழும் தன்மையுள்ள அடைப்பு வேண்டும். அதற்காகவே சிலிக்கோன்.

இந்தச் சிலிக்கோன் மணலின் வழித்தோன்றல் என்றால் வியப்பீர்கள். படிக மணலிலுள்ள சிலிக்கன் என்னும் தனிமத்திலிருந்து இது ஆக்கப்படுகிறது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் பேராசிரியராயிருந்த பிரெடரிக் கிப்பிங் என்னும் இரசாயன அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சேர்மங்களை நெடுங்காலம் ஆராய்ந்தார். இவற்றால் பெரும் பயன் விளையும் என்று அவர் நம்பவில்லை. 1940 களில் அமெரிக்காவில் இவை தொழிற்சாலைப் பொருள்களாயின. 1969 இல் சந்திரனில் மனிதன் பதித்த காலணியின் அடிப்பாகமும் சிலிக்கோன் இரப்பரே. அத்தகைய பொருள் குறிஞ்சாக்கேணியின் ஒரு குளியலறை மூலையில் தோற்றது ஏன்? பொருளில் குற்றமில்லை, பூசிய முறையிலேதான் குற்றம்.

முதியவர் உடனே பூசத் தொடங்கவில்லை. நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தேடினார். இரண்டு நாள் குளியலறையைப் பயன்படுத்த வேண்டாம் என்றார். கீழே சொட்டுவது நின்றது. எப்போதும் நீர் அழுத்தத்தோடு நிற்கும் குழாயில் ஓட்டை இருந்திருந்தால், பயன்படுத்தாதபோதும் சொட்டியிருக்கும். ஆகவே குற்றம் குழாயில் இல்லை. அடுத்து, தரையில் சிந்தாமல் ஒரு வாளி நீரைக் கழிவுத் துளைக்குள் மட்டும் ஊற்றுவித்தார். கீழே ஈரமில்லை, கழிவுக் குழாயும் நலமே. பின்னர் வயல் வரம்பைப் போலக் களிமண்ணால் தரையின் நடுவே ஒரு சிறு பாத்தி கட்டி, சலவை நீலம் கலந்த நீரை அதில் நிறுத்தினார். ஒரு பகலும் ஓர் இரவும் சென்றன. ஒன்றுமில்லை. அதன்பின் பாத்தியை மூலையை ஒட்டிக் கட்டினார். மாலைக்குள் கீழ் அறையின் மேற்புறத்தில் நீலத் திட்டொன்று தெரிந்தது. நீலத்தைக் கண்டபின் எவரும் எவரையும் குறை கூறவில்லை.

காரணம் பின்னர் விளங்கியது. டைல்களை ஒட்டுமுன் தரை முழுவதும் நீர்காப்புப் பூச்சு இடப்பட்டிருந்தது. அது சுவரின்மீது ஓரடியேனும் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. தரையின் எல்லையிலேயே நின்றுவிட்டது. ஆகவே மூலை வெடித்ததும் நீருக்குத் தடையில்லாத வழி கிடைத்தது.

இனி அவர் வேலை செய்த முறையைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கும் அது பயன்படும்.

முதலாவது, பழையதை நீக்குதல். கெட்டியான சிலிக்கோன்மீது புதிய சிலிக்கோன் உறுதியாகப் பற்றாது. ஒரு துணுக்கு எஞ்சினாலும் அந்த இடத்தில் நீர் புகும். டைலைக் கீறாதபடி கூர்க்கத்தியால் இரு ஓரங்களையும் அறுத்து, சுரண்டி, எஞ்சிய படலத்தையும் தேய்த்து எடுக்க வேண்டும். வெடித்த சீமெந்துச் சாந்தையும் தோண்டி அகற்ற வேண்டும். இந்த வேலைக்கே அவர் ஒரு முழுக் காலைப் பொழுதைச் செலவிட்டார். பூஞ்சணம் இருந்தால் குளோரின் திரவத்தால் கழுவி, நல்ல நீரால் அலசிவிடுக. அத்திரவத்தைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கலாகாது. நச்சு வாயு எழும்.

இரண்டாவது, காயவிடுதல். பொறுமை இல்லாதவர் தோற்பது இங்கேதான். மேற்பரப்பு உலர்ந்ததாகத் தோன்றினாலும் பொருத்தின் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். கதவு சன்னல்களைத் திறந்து, விசிறியை ஓடவிட்டு, நான்கு நாள் அவர் காத்திருந்தார். திருகோணமலைப் பகுதியில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்து, மே முதல் செப்ரெம்பர் வரையான வறண்ட மாதங்களில் இவ்வேலையைச் செய்வது நன்று. பூசுவதற்குச் சற்று முன்பு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இரு விளிம்புகளையும் துடைத்தால் எண்ணெய்ப் பசையும் சவர்க்காரப் பசையும் நீங்கும். அப்போது அருகில் தீ இருக்கலாகாது.

மூன்றாவது, ஏற்ற பொருளைத் தெரிதல். புளிக்காடி மணம் வீசும் சிலிக்கோன் கெட்டியாகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது. கண்ணாடிக்கும் பளபளப்பான டைலுக்கும் அது ஏற்றது. சலவைக்கல், சீமெந்து, செம்பு, பித்தளை ஆகியவற்றுக்கு அமிலம் பகை. அங்கே நடுநிலை வகை என்று குறிக்கப்பட்டதை வாங்குக. குளியலறைக்கென்று பூஞ்சணத் தடுப்பு மருந்து சேர்த்த வகையும் உண்டு. 300 மில்லி லீற்றர் கொண்ட ஒரு குழாய், 6 மில்லி மீற்றர் அகலமும் 6 மில்லி மீற்றர் ஆழமும் உள்ள பொருத்துக்கு ஏறத்தாழ 8 மீற்றர் தூரம் வரும். ஒரு குளியலறைக்கு எத்தனை குழாய் வேண்டும் என்பதை இக்கணக்கைக் கொண்டு நீங்களே முன்கூட்டி அறியலாம்.

நான்காவது, பூசுதல். பொருத்தின் இரு புறமும் ஒட்டு நாடாவை நேர்கோடாக ஒட்டுக. குழாயின் மூக்கைப் பொருத்தின் அகலத்துக்கு ஏற்பச் சரிவாக வெட்டுக. இடையில் நிறுத்தாமல், ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் ஒரு கோடாக இடுக. ஆழமான பொருத்தாயின் முதலில் மென்மையான நுரைக் கயிறொன்றை உள்ளே செலுத்த வேண்டும். சிலிக்கோன் இரு பக்கச் சுவர்களை மட்டுமே பற்ற வேண்டும். அடியையும் பற்றினால் தாராளமாக நீள முடியாமல் கிழியும். “கலப்பத்திலே பஞ்சு செய்யிற வேலைய இந்தக் கயிறு செய்யுது” என்று முதியவர் தாமே கண்டு சொன்னார்.

கோடு இட்டவுடன், விரலைச் சவர்க்கார நீரில் சிறிது நனைத்து ஒரே இழுவையாக வழித்துவிடுக. பத்து இருபது நிமிடங்களில் மேலே தோல் படியத் தொடங்கும். அதன் பின் தொட்டால் அலங்கோலமே மிஞ்சும். தோல் படியுமுன்பே நாடாவையும் உரித்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் தடவி அழகு பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதல் இழுவையே பெரும்பாலும் சிறந்த இழுவை.

ஐந்தாவது, காத்திருத்தல். சிலிக்கோன் நீரை இழந்து உலர்வதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதத்தை ஏற்றே கெட்டியாகிறது. வெளியிலிருந்து உள்நோக்கி, 24 மணி நேரத்தில் 2 முதல் 3 மில்லி மீற்றர் ஆழம் வரையே அது முதிரும். ஆகவே அவர் இரண்டு முழு நாள் குழாயைத் திறக்க விடவில்லை.

பொருள்களைப் பற்றியும் இரண்டொரு சொல். குளிக்கும் தொட்டி வைத்திருப்போர், அதை நீரால் நிரப்பிய பின்பே விளிம்பைப் பூசுக. பாரத்தால் தொட்டி தாழ்ந்து இடைவெளி விரிந்திருக்கும்போது அடைத்தால், பின்னர் அது கிழியாது. கொமட்டின் அடியைச் சுற்றிப் பூசும்போது பின்புறத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுவது அறிவுடைமை. உள்ளே கசிவு ஏற்பட்டால் நீர் அவ்வழியே வெளியே வந்து நமக்கு எச்சரிக்கை தரும். முற்றும் மூடிவிட்டால் அது மறைவிலே தேங்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலிக்கோன் வாயிற் காவலனே அன்றிக் கோட்டை அல்ல. டைலுக்கு அடியில் நீர்காப்பே இல்லாத தரையையோ, உடைந்த குழாயையோ அது குணப்படுத்தாது. தளத்தின் உள்ளே இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. கடற்கரை ஊர்களில் உப்பும் ஈரமும் சேர்ந்து அவற்றைத் துருவேற்றும். துருப்பிடித்த இரும்பு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். தொட்டிலருகே விழுந்த துண்டு அதன் முதல் அறிவிப்பாகவும் இருந்திருக்கலாம். எனவே மூலையை அடைத்த பிறகு, தேர்ந்த மேசன் ஒருவர் கீழ் அறையின் மேற்புறத்தைத் தட்டிப் பார்த்துப் பழுதான பூச்சை அகற்றினார். கம்பி வரை தீங்கு எட்டவில்லை. இன்னும் ஒரு மாரி சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே அச்சமாயிருக்கிறது.

இனி, அந்தச் சகோதரிகளின் செய்தி. நீர் வரும் வழியைத் தேடிய நாள்கள் ஒருபுறம் இருக்க, காயவிட்ட நான்கு நாளும் முதிரவிட்ட இரண்டு நாளுமாக ஆறு நாள் மாடிக் குளியலறை பூட்டியே கிடந்தது அல்லவா? அந்த ஆறு நாளும் இளையவள் எங்கே குளிப்பது? முதல் நாள் மாலை, துவாயைத் தோளிலிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, கீழ் வீட்டு வாசலில் வந்து பேசாமல் நின்றாள். மூத்தவளும் பேசவில்லை. கதவை மட்டும் அகலத் திறந்துவிட்டு, அடுப்பில் தேநீருக்கு நீர் வைத்தாள். மூன்றாம் நாள் பிள்ளைகளின் சிரிப்பொலி பின் வளவு வரை கேட்டது. ஆறாம் நாள் தாயாரின் அடுப்பு புகையவில்லை. அவர் மூத்த மகள் வீட்டில், இளைய மகள் கொண்டுவந்த கறியோடு உணவருந்திக்கொண்டிருந்தார்.

முதியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். போகும்போது இளையவளின் கணவரிடம் ஒரு சொல் மட்டும் சொன்னார்: “வருசத்துக்கு ஒரு தரம், மாரிக்கு முந்தி, நகத்தால கிளப்பிப் பாரு, மகன். வள்ளத்தை அப்படித்தான் பாக்கிறது.” கடந்த ஆண்டும் மழைக்கு முன்னர் அந்த மூலையைப் பார்த்ததாக அவர் எனக்குச் சொன்னார். ஓரிடத்தில் சிறிது கழன்றிருந்ததாம். அதன்மேல் பூசாமல், அந்தத் துண்டை அறுத்தெடுத்து, காயவிட்டுப் புதிதாக இட்டிருக்கிறார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் மாரி வருமுன் ஒரு முறை அந்த மூலையில் குந்தி, விளக்கைப் பிடித்துப் பாருங்கள். கறுத்திருந்தால் அதன்மேல் வெள்ளை பூச வேண்டாம். அறுத்தெடுத்துக் கழுவிக் காயவிட்டு, அதன் பின்பே அடையுங்கள்.